வளையத்துக்கு எதிராக ஒரு தீர்மானம்

எங்கள் வானியல் மன்றத்தில் ஆட்களைவிடப் பதவிகள் அதிகம். தலைவர், துணைத் தலைவர், உதவித் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், ஆலோசகர், கௌரவ ஆலோசகர் என்று எல்லா நாற்காலிக்கும் பெயர் உண்டு. ஆள் போதாததால் சிலர் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து சமாளித்தார்கள். தொலைநோக்கி மட்டும் கிடையாது. வாங்கலாமா என்று ஆராய அமைத்த துணைக்குழு, எந்தக் கடையில் வாங்குவது என்பதில் பிளவுபட்டு, இரண்டு துணைக்குழுக்களாகிவிட்டது. நான் செயலாளர். கூட்டம் நடந்த கிழமை என்ன, அன்று மழை பெய்ததா, யார் தாமதமாக வந்தார், வந்தவர் என்ன காரணம் சொன்னார் என்பதையெல்லாம் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு முன்பே இருந்ததால் அந்தப் பதவி போட்டியில்லாமல் என்னிடம் வந்தது.

தொலைநோக்கி இருந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. எங்கள் ஊரான செனாயில் தொழிற்பேட்டை விளக்குகளும் விமான நிலைய விளக்குகளும் சேர்ந்து இரவு வானத்தைத் தேத்தண்ணி நிறத்தில் வைத்திருக்கின்றன. ஆகவே நான் வேறு வழியில் போனேன். விண்கலங்கள் எடுத்தனுப்பும் படங்களைச் சில காலம் கழித்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் வைத்துவிடுகிறார்கள். பத்திரிகையில் வரும் அழகான படங்கள் அல்ல அவை. கேமரா கண்டது கண்டபடி, அழுக்கும் புள்ளியுமாக இருக்கும் மூலப் படங்கள். அவற்றைச் சுத்தம் செய்து, அளவு சரிபார்த்து, ஒன்றோடொன்று சேர்ப்பது என் ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. மற்ற நாட்களில் இங்கே ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு தராசு சரியாக எடை போடுகிறதா என்று இன்னொரு தராசை வைத்துப் பார்ப்பதும், அந்தத் தராசை யார் சரிபார்த்தார்கள் என்று கேட்பதும் என் தொழில். ஞாயிற்றுக்கிழமையும் நான் அதே வேலையைத்தான் செய்கிறேன் என்று என் மனைவி சொல்வார். தூரம் மட்டும்தான் கூடியிருக்கிறதாம்.

இந்த வேலை மன்றத்தின் கவனத்துக்கு வந்தது தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையால். பள்ளியில் புதிதாக அறிவியல் அறை கட்டியிருந்தார்கள். கரும்பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலமாரி வந்துவிட, மேலே அகலமான சுவர் காலியாக இருந்தது. பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்திய வாரம் அவர் மன்றத்துக்குப் போன் செய்தார். மன்றத்தின் போன் என்பது என் போன்.

"சுவர் முழுக்க ஒரு படம் வேணும் சார். கோள் எல்லாம் வரிசையா நிக்கிற படம் வேணாம், அது எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. நம்ம ஆளுங்களே செஞ்சதா ஒண்ணு குடுங்க. பிள்ளைங்க தினமும் பார்க்கப் போறது, அதனால தப்பில்லாம இருக்கணும்."

அது துணிப் பதாகை அல்ல. பசையுள்ள பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிவிடுவார்கள். பிறகு எடுக்க வேண்டுமானால் பூச்சும் சேர்ந்து வரும் என்று அவரே சொன்னார். அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தச் சுவரில் தவறு ஏறிவிட்டால், நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது அங்கேயே இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பு அதைப் பார்த்து வளரும்.

நான் தேர்ந்தெடுத்தது சனிக் கோளைச் சுற்றிவரும் என்செலடஸ் என்ற சிறிய நிலாவின் படம். முழுவதும் பனிக்கட்டியால் மூடிய நிலா அது. அதன் தென்முனை வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்தூளும் பீறிட்டு விண்வெளியில் பாய்கின்றன. பின்னாலிருந்து சூரிய ஒளி படும்போது அந்தப் பீறல்கள் மெல்லிய வெள்ளை இறகுகளாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், நிலாவின் ஒளிபடும் விளிம்பு கண் கூசும் வெளிச்சம், இறகுகளோ மிக மங்கல். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. அதனால் கலம் அடுத்தடுத்து இரண்டு படங்கள் எடுத்தது. கண நேரம் மட்டும் கேமராவைத் திறந்து எடுத்தது ஒன்று, நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்தது மற்றொன்று.

இதை மன்றத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. நாங்கள் கூடுவது ஓர் உணவகத்தின் மாடியில். உணவகக்காரர் மூவார் என்ற ஊரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம். எல்லாருக்கும் அவர் பாய். மாடியை இலவசமாகத் தருவதால் அவர் எங்கள் கௌரவ ஆலோசகர். இதுவரை ஒரே ஓர் ஆலோசனைதான் சொல்லியிருக்கிறார்: மின்விசிறியை அணைத்துவிட்டுப் போங்கள்.

"கேமராவுக்குள்ள லட்சக்கணக்குல மங்கு இருக்குன்னு வச்சுக்குங்க," என்று ஆரம்பித்தேன். ரப்பர்ப் பால் பிடிக்கப் பால்மரத்தில் கட்டும் கோப்பைக்குத் தோட்டத்தில் மங்கு என்று பெயர். அங்கிருந்த எல்லாரும் தோட்டக் குடும்பங்களில் வந்தவர்கள் என்பதால் இது புரியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். "வெளிச்சம்தான் பால். கொஞ்ச நேரத்துல மங்கை எடுத்துட்டா, நல்ல மரத்துல அளவா இருக்கும், சப்பை மரத்துல ஒண்ணும் இருக்காது. ரொம்ப நேரம் விட்டா சப்பை மரத்துலயும் அளக்குற மாதிரி பால் சேரும். ஆனா நல்ல மரத்து மங்கு நிரம்பி வழிஞ்சிரும். வழிஞ்சதை அளக்க முடியாது. அதனால வழிஞ்ச இடத்துக்கு மட்டும் முதல்ல எடுத்த கணக்கைப் பார்த்து, இத்தனை மடங்குன்னு பெருக்கி வைக்கணும்."

"எங்க தோட்டத்துல சப்பை மரமே கிடையாது," என்றார் துணைத் தலைவர். லாரிப் பட்டறை வைத்திருப்பவர்.

"உங்க தோட்டத்துல பால்மரமே கிடையாது. எல்லாம் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை," என்றார் தலைவர். அரசு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று கையெழுத்துக்கு மட்டும்.

"செம்பனை வந்தது நாங்க தோட்டத்தை விட்டு வெளியான பிறகு தலைவரே. வேணும்னா எங்க அப்பாகிட்ட கேளுங்க."

"உங்க அப்பா எப்போ பாலெடுக்க மரம் வெட்டுனாரு? அவரு லயத்து வீட்டுல சீட்டாடிக்கிட்டு இருந்தாருன்னுதான் கேள்விப்பட்டேன்."

எந்தத் தோட்டத்தில் பால் அதிகம் வந்தது என்பதிலேயே அன்றைய பொழுது கரைந்தது. கூட்டக் குறிப்பில் நான் இப்படி எழுதினேன்: செயலாளரின் விளக்கத்தை உறுப்பினர்கள் ஆர்வத்துடன் விவாதித்தனர். படம் சனிக் கோளின் நிலா என்பதையும் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். அடுத்த கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்பட்டதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எங்கள் மன்றத்தில் குறிப்பு வாசிக்கப்படுவதில்லை, வாசிக்கப்பட்டதாக ஏற்றுக்கொள்ளப்படும்.

விடுமுறைக் காலத்து ஞாயிறுகள் முழுவதும் அந்த இரண்டு படங்களோடு போயின. காலி மங்கிலும் கொஞ்சம் மழைத்தண்ணீர் நிற்கும் அல்லவா, அதுபோல வெளிச்சமே படாத கேமராவும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். மூடி திறக்காமல் எடுத்த இருட்டுப் படத்தை வைத்து அதைக் கழித்தேன். எல்லா மங்கும் ஒரே அளவில்லை. சீரான வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்து அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்தேன். விண்வெளித் துகள்கள் மோதி விழுந்த வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். இரண்டு படங்களுக்கும் இடையில் கலம் நகர்ந்திருந்தது, நிலாவை நிலாவின் மேல் பொருத்தினேன். கடைசியில் மிஞ்சியது ஒரே ஓர் எண். குறுகிய படத்தை எத்தனை மடங்கு பெருக்கினால் அது நீண்ட படத்துக்குச் சமமாகும்?

படத்தோடு வரும் விவரச் சீட்டில் திறப்பு நேரங்கள் இருந்தன. வகுத்தால் நூறு மடங்கு வந்தது. அழகான, முழுமையான எண். தொழிலில் நான் கற்ற ஒன்று, முழுமையான எண் வந்தால் மறுபடி அளக்க வேண்டும் என்பது. நீண்ட படத்தில் இன்னும் வழியாமலும், குறுகிய படத்தில் ஓரளவு தெரியும்படியும் உள்ள இடங்கள் நிலாவின் நிழலோரத்தில் இருந்தன. அங்கே இரண்டு படங்களையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு வந்தது. மறுபடியும் நூற்றுப் பன்னிரண்டு.

காரணத்தைக் கேமராவைச் செய்தவர்களின் கையேட்டில், யாரும் புரட்டாத பின்பக்கங்களில் கண்டுபிடித்தேன். கேமராவின் மூடி திறந்து மூடச் சிறிது நேரம் எடுக்கிறது. கேட்ட நேரத்தைவிட எப்போதும் ஒரு துளி குறைவாகத்தான் அது திறந்திருக்கும். நீண்ட படத்தில் அந்தத் துளி ஒரு பொருட்டே இல்லை. குறுகிய படத்தில் அது பெரிய பங்கு. சீட்டில் இருப்பது கேட்ட நேரம், கேமரா கொடுத்த நேரம் அல்ல. நூறை வைத்துப் பெருக்கினால், நிலாவின் பளிச்சென்ற பகுதி இருக்க வேண்டியதைவிட மங்கிவிடும். இரண்டு படங்களும் சந்திக்கும் இடத்தில் வெளியே வெளிச்சமாகவும் உள்ளே சற்று இருட்டாகவும் ஒரு படி விழும். பார்வைக்கு அது நிலாவைச் சுற்றி ஓர் ஒளிக் கோடுபோல, வளையம்போல இருக்கும். அப்படி ஒரு வளையம் அந்த நிலாவுக்குக் கிடையாது.

இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். அளவு சரிபார்க்காவிட்டால் எப்படிக் கெட்டுப்போகும் என்று மன்றத்துக்குக் காட்டலாம் என்று, நூறை வைத்து ஒரு படமும் நூற்றுப் பன்னிரண்டை வைத்து ஒரு படமும் செய்துகொண்டு போனேன். பாயின் மாடிச் சுவரில் புரொஜெக்டரால் முதலில் தவறான படத்தைப் போட்டேன்.

"அலமாக், எவ்வளவு அழகு," என்றார் பொருளாளர் அக்கா. பாலர் பள்ளி நடத்துகிறவர், எல்லாவற்றையும் பிள்ளைகளின் கண்ணால் பார்ப்பவர். "வெள்ளிக் கொலுசு போட்ட மாதிரி இருக்கு."

"அதுதான் தப்புக்கா," என்றேன். "அந்தக் கோடு அங்க இல்லவே இல்லை." சரியான படத்தைப் போட்டேன். நிலாவின் விளிம்பிலிருந்து இறகுகள் வரை எங்கும் தையல் தெரியாமல், சாம்பல் வெளுப்பிலிருந்து கருமைக்கு மெதுவாக இறங்கும் படம்.

எல்லாரும் முன்னே சாய்ந்து, காணாமல் போன கோட்டைத் தேடினார்கள்.

"முன்ன போட்டதைப் போடுங்க," என்றார் தலைவர். பார்த்தார். "இதுல ஒரு களை இருக்கு. அதுல இல்லை."

"தலைவரே, இதுல இருக்கிறது பிழை."

"சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"நூறு. ஆனா சீட்டுல இருக்கிறது..."

"நூறுன்னு சீட்டுல போட்டிருக்கு. அனுப்புனவன் எழுதி அனுப்பியிருக்கான். நாம செனாய்ல உட்கார்ந்துகிட்டு அதைத் திருத்துறதா? நான் முப்பது வருஷத்துக்கு மேல ஆபீஸ்ல இருந்தவன். மேலேருந்து வந்த பேப்பரைக் கீழ இருக்கவன் திருத்துனதா சரித்திரமே கிடையாது."

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் ஆதரவாளர் கிடைத்தார். துணைத் தலைவர் நாற்காலியை இழுத்து முன்னால் வந்தார். "சீட்டை நம்புற ஆளா நீங்க? என் ஐசி அடையாள அட்டையில என் பிறந்த வருஷமே தப்பு. சீட்டுப்படி நான் என் தங்கச்சிக்கு இளையவன். செயலாளர் அளந்து பார்த்துருக்காரு. அளந்தவன் சொல்றதைத்தான் நம்பணும்."

மகிழ்ச்சியாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன், ஆண்டுக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. துணைத் தலைவருக்குத் தலைவர் நாற்காலி மேல் கண் இருப்பது பாயின் சமையல்காரருக்குக்கூடத் தெரியும். தலைவர் அன்று நூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால், துணைத் தலைவர் சீட்டின் புனிதத்தைப் பற்றிப் பேசியிருப்பார்.

"எதுக்குச் சண்டை, நடுவுல வச்சுக்குங்களேன்," என்றார் பொருளாளர் அக்கா. "நூத்தி ஆறு. வளையமும் இருக்கும், மெல்லிசா இருக்கும். யாருக்கும் மனசு நோகாது லா."

தலைவர் அதை நல்ல யோசனை என்றார். துணைத் தலைவர் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். விவகாரம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. நான் படித்த அளவில், பேரரசுகள் நாட்காட்டியைத் திருத்தியிருக்கின்றன, அரசர்கள் அளவுகோலின் நீளத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் கேமராவின் மூடி எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதைக் கையைத் தூக்கி முடிவு செய்த முதல் அமைப்பு எங்கள் மன்றமாகத்தான் இருக்கும்.

அடுத்த கூட்டம்வரை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் நட்சத்திரம் எதுவும் பேசப்படவில்லை. சீட்டு அணி, அளவு அணி என்று இரண்டு அணிகள் ஆகிவிட்டன. தலைவர் பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கும் வாழ்நாள் உறுப்பினருக்குப் போன் செய்தார். அந்த மனிதர் வானத்தை அண்ணாந்து பார்த்து யாரும் கண்டதில்லை, வாக்கெடுப்பு இருந்தால் மட்டும் வருவார். துணைத் தலைவர் பட்டறையில் ஆட்களை வரவழைத்துக் கோழி பொரித்துப் போட்டார். எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். அங்கே ஒருவர் என் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க, நூத்தி இருபதுக்கே ஓட்டுப் போட்டுருவோம்," என்றார். நூற்றுப் பன்னிரண்டு போதும் என்று அவரைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

தலைமையாசிரியை மறுபடி போன் செய்தார். பள்ளி திறந்த இரண்டாவது வாரம் ஒட்டுவதாக ஏற்பாடு. "படம் ரெடியா சார்?"

"படம் ரெடி டீச்சர். எந்தப் படம்னுதான் ரெடியாகல."

"அப்படின்னா?"

விளக்கினேன். அவர், "ஓட்டுல தோத்தா, இல்லாத வளையத்தை நான் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக்குடுக்கறது?" என்றார். தோற்றால் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் மன்றத்தின் கணினியில் இரண்டு படங்களும் இருந்தன. நான் விலகினாலும் வளையம் சுவருக்குப் போய்விடும்.

வாக்கெடுப்பு நாள் ஒரு சனிக்கிழமை, மத்தியானத்திலிருந்து விடாத மழை. பத்து பாகாட்டிலிருந்து வாழ்நாள் உறுப்பினர் வந்துவிட்டார், சட்டை மடிப்புக் கலையாமல். தலைகளை எண்ணிப் பார்த்தேன். சீட்டு அணி ஒரு தலை முன்னால் நின்றது. கையேட்டின் அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். தலைவர் அதை வாங்கிப் பார்த்து, "இதுல முத்திரை எங்க?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வளையம் போட்ட படம் சுவரில் இருந்தது. அப்போது பாய் தட்டில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். கோப்பைகளை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"என்ன பாய், எப்படி இருக்கு?" என்றார் தலைவர்.

"நல்லா இருக்கு தலைவரே. சனிதானே? என் மகன் புக்குல பார்த்துருக்கேன். வளையம் போட்டா அது சனிதான், சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்."

பொருளாளர் அக்காவின் கை கோப்பையில் அப்படியே நின்றது. "என்னது?"

"சனிதான் அக்கா. அந்தப் பெரிய..."

"செயலாளரே, இது சனியா?"

"சனியோட நிலாக்கா. முதல் கூட்டத்துலயே சொன்னேன். குறிப்புல முதல் வரி."

"குறிப்பை யாரு படிச்சா?" அவர் எழுந்தேவிட்டார். "ஐயோ கடவுளே, பள்ளிக்கூடத்துச் சுவத்துல சனியா? எங்க வீட்டுக்காரருக்கு ஏழரை நடக்குது. கோயில்ல எள் விளக்குப் போடும்போதுகூட நான் நேருக்கு நேரா நிக்க மாட்டேன், ஒதுங்கிப் பக்கத்துல நின்னுதான் கும்புடுவேன். பிள்ளைங்க நாள் முழுக்க அதுக்கு நேரா உட்காரணுமா? அதான் கூட்டத்தைச் சனிக்கிழமை வைக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்."

"இது நிலாதான் அக்கா. கோள் இல்லை," என்றேன்.

"அவரு குடும்பம்தானே?"

உதவித் தலைவர், மேசைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் போடலாம் என்றார். வாழ்நாள் உறுப்பினர், எந்தப் பக்கம் என்று கேட்டார். மேசைகளின் திசையைப் பார்வையிட ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று ஒரு குரல் வந்தது. தலைவர் மட்டும் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் களையைக் காணோம்.

"வளையத்தை எடுத்துட்டா?" என்றார்.

"எடுத்துட்டா என்ன?" என்றேன்.

"எடுத்துட்டா யாருக்கும் தெரியாதில்ல. வெறும் நிலா. நிலா யாரு வேணும்னாலும் பார்க்கலாம்." கையெழுத்துப் பேனாவைப் பையிலிருந்து எடுத்தார். "வளையம் இல்லாத படத்தையே வைக்கணும்னு நானே முன்மொழியிறேன்."

அதை அப்படியே குறிப்பில் எழுதத் தொடங்கினேன். அதற்குள் துணைத் தலைவர் எழுந்தார். "ஒரு நிமிஷம். இவ்வளவு நாளா சீட்டு சீட்டுன்னீங்க. இப்போ சீட்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? மேலேருந்து வந்த பேப்பருக்கு மரியாதை இல்லையா? நூறுன்னா நூறுதான். வளையம் இருக்கட்டும். நாங்க சனிக்குப் பயப்படுற ஆளுங்க இல்லை."

"அண்ணே," என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நூத்திப் பன்னிரண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது அப்போ தம்பி."

வாக்கெடுப்பு நடந்தது. வாழ்நாள் உறுப்பினர் இரண்டு பக்கத்துக்கும் கை தூக்கினார். அவருக்குத் தலைவர் போன் செய்தபோது சொன்னது ஒன்று, இப்போது தலைவர் செய்வது வேறொன்று. அந்தக் குழப்பத்தில் அவரது வாக்கை இரண்டு தரப்புமே வேண்டாம் என்று விட்டுவிட்டன. வளையத்துக்கு எதிரான தீர்மானம் நிறைவேறியது. அளவு அணியில் கோழி சாப்பிட்டவர்கள் பாதிப் பேர் வளையத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார்கள். நூற்றுப் பன்னிரண்டு, நான் காட்டிய ஒரு சான்றையும் யாரும் பார்க்காமல், வென்றது.

இத்துடன் முடிந்திருந்தால் நான் அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். தலைவர் பேனாவை மூடவில்லை. "அடுத்தது, படத்துக்குக் கீழ என்ன எழுதறது?"

"சனிக் கோளின் நிலா, என்செலடஸ்," என்றேன்.

"அதைத்தானே இவ்வளவு நேரம் எடுத்தோம். குருவோட நிலான்னு போடுங்க. வியாழன். குரு பார்வை நல்லதுதானே, யாருக்கும் ஆட்சேபம் இருக்காது."

"அது பொய் தலைவரே."

"பக்கத்துப் பக்கத்துக் கோள்தானே?"

"பொய்யை எழுத முடியாது. அப்படி எழுதறதா இருந்தா என் படம் வேணாம்."

தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அலுவலகத்தில் அவர் கோப்பு மேல் கோப்பாகச் சமரசம் செய்து பழகியவர் என்பது அப்போது தெரிந்தது. "சரி, பொய் எழுத வேணாம். எழுதாமலே விட்டுடலாமா? பெயர் போட்டா வளையம் போட்ட மாதிரிதான். அக்கா ஒத்துக்க மாட்டாங்க, தீர்மானம் மறுபடி திறக்கும். திறந்தா என்னாகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரிந்தது. துணைத் தலைவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். பெயரைப் பிடித்துக்கொண்டால் படம் போகும். பெயரை விட்டால் படம் தப்பும். வாழ்நாள் முழுக்கப் பெயரும் கிழமையும் விடாமல் எழுதிவைத்தவன் நான். பெயரில்லாத ஒரு பொருளை எங்கள் பிரிவில் யாராவது என் மேசையில் வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் பெயரைப் பிறகு யாராவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சுவரோடு ஒட்டிய வளையத்தை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார்கள், பார்த்து நம்பிவிடுவார்கள். சரி என்றேன்.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம், வியாழக்கிழமை, படம் ஏறியது. நாளைப் பொருளாளர் அக்காதான் குறித்தார். கீழே "ஒரு பனி நிலா. நீண்ட, குறுகிய இரண்டு ஒளிப்பதிவுகளை அளவு சரிபார்த்து இணைத்தது" என்று ஒரு வரி. அதற்குக் கீழே தலைவர் தொடங்கிக் கௌரவ ஆலோசகர்வரை எல்லார் பெயரும் பதவியும், அந்த வரியைவிடப் பெரிய எழுத்தில். நிலாவின் பெயருக்கு மட்டும்தான் இடமில்லாமல் போயிற்று.

தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பேசினார். "இந்த நிலாவுக்கு வளையம் உண்டா இல்லையா என்ற கேள்வி எழுந்தபோது, நமது மன்றம் பொறுமையாகக் கூடி, தீர ஆராய்ந்து, இல்லை என்ற முடிவுக்கு வந்தது." எல்லாரும் கைதட்டினார்கள். துணைத் தலைவரும் தட்டினார். ஆராய்ச்சியில் அவருக்கும் பங்குண்டு என்று நன்றியுரையில் வந்தது.

நான் சுவருக்கு அருகில் ஒரு நாற்காலியில் ஏறி, இரண்டு படங்களும் சந்திக்கும் இடத்தை மூக்கு உரசும் தூரத்தில் வைத்துத் தேடினேன். எங்கே நீண்ட படம் முடிகிறது, எங்கே குறுகிய படம் தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. பனியின் வெளிச்சம் மெல்ல இறங்கி, இறகுகளாகி, இருட்டில் போய்க் கரைந்தது.

தலைமையாசிரியை ஒரு தட்டில் கறிபாப் பலகாரத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். "கோடு இல்லை சார்," என்றார். "நானும் பார்த்துட்டேன்."

"ஆமாம் டீச்சர். ஆனா பெயர்தான்..."

"சனியோட நிலான்னு எங்க ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க ஒட்டும்போதே கண்டுபிடிச்சுட்டாங்க. அந்த இறகைப் பார்த்து, புத்தகத்தைத் திறந்து காட்டுறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான்தான் சும்மா இருங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க தலைவர் கார் கேட்டைத் தாண்டட்டும், அப்புறம் பெயரை எழுதி ஒட்டிக்கிறோம்."

இறங்கி ஒரு கறிபாப்பை எடுத்துக்கொண்டேன். தலைவர் கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை. சுவருக்கு முன்னால் நின்று இன்னும் ஒரு படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.